செக்கெண்ணெய் குடலை ஆற்றுமா?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வழியெல்லாம் மல்லாட்டையும் எள்ளும் விளைகிற பூமி. (வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. 'மணிலாக் கொட்டை' தேய்ந்து அப்படி ஆனது.) எண்ணெய் வித்து விளைகிற ஊரில் எண்ணெய்க் கடை இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் கடந்த சில வருடங்களாகத் தமிழ்நாடு முழுக்க முளைத்திருக்கும் மரச்செக்குக் கடைகளில் எண்ணெய் மட்டும் விற்பதில்லை. கூடவே வைத்தியமும் விற்கிறது. வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் குடித்தால் குடல்புண் ஆறும், விளக்கெண்ணெய் குடித்தால் குடல் சுத்தமாகும், ஆளிவிதை எண்ணெய் உள்வீக்கத்தைக் குறைக்கும், கருஞ்சீரக எண்ணெய் சாவைத் தவிர எல்லாவற்றையும் குணமாக்கும். இதெல்லாம் பாட்டி சொன்னதாக இருந்தவரை பரவாயில்லை. இப்போது "ஆராய்ச்சியில் நிரூபணம்" என்ற முத்திரையோடு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் குழப்பம் பெயரில் இருக்கிறது. நம் ஊரில் 'குடல்புண்' என்றால் 'அல்சர்' என்று அர்த்தம். நேரத்துக்குச் சாப்பிடாமல், காரம் அதிகம் தின்று, வயிறு எரிகிறதே, அது. டாக்டர்கள் அதை இரைப்பைப் புண், முன்சிறுகுடல் புண் என்பார்கள். பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியாலோ வலி மாத்திரைகளாலோ வருவது. இங்கே பேச்சு அதைப் பற்றியதல்ல. இது குடல் அழற்சி நோய். இதில் இரண்டு முக்கிய வகை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உள்தோலில், மலக்குடலில் தொடங்கி மேலே ஏறும். ரத்தமும் சீதமுமாகப் போகும். குரோன்ஸ் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரும், குடல் சுவரின் முழுக் கனத்தையும் தின்னும், அடைப்பை உண்டாக்கும், துளை போட்டுக்கொண்டு வெளியே வரும். இரண்டிலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்தக் குடல்மேல் பாய்கிறது. இரண்டும் வருடக் கணக்கில் கூடவே வரும் நோய்கள். இருபது முப்பது வயதில் ஆரம்பிப்பதுதான் இதில் பெரிய கொடுமை.

வெள்ளைக்காரர்களுக்குத்தான் இது வரும் என்ற நம்பிக்கை ரொம்ப நாள் இருந்தது. 2003-ல் பஞ்சாபில் எடுத்த கணக்கு வெளியானபோது அது உடைந்தது. அங்கே ஒரு லட்சம் பேரில் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். இப்போது இது வட இந்தியா, தென்னிந்தியா, நகரம், கிராமம் என்று பார்ப்பதில்லை.

இனி ஒரு கற்பனை. விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் கல்லூரிக்குப் போகிற ஒரு பெண். ஒரு மாதமாக ரத்தம் போகிறது. வெளியே சொல்ல வெட்கம். அம்மாவிடம் சொன்னால் "சூடு, விளக்கெண்ணெய் வை" என்பார். அப்பாவிடம் விஷயம் போனால் "மூலமா இருக்கும்" என்பார். பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று எழுதியிருக்க, அப்பாவுக்கு வேறென்ன தோன்றும்? (அந்தப் பவுத்திரத்தில் சில குரோன்ஸ் நோயின் துளைகள் என்பது சுவரில் எழுதியவருக்கும் தெரியாது, படிப்பவருக்கும் தெரியாது.) ஆறு மாதம் இப்படியே போகும். எடை குறையும், ரத்தசோகை வரும், பரீட்சை போகும். பிறகு யாரோ ஒரு உறவினர் செக்கு எண்ணெய் பாட்டிலோடு வருவார். இந்தப் பெண்ணுக்கு அந்த எண்ணெய் என்ன செய்யும் என்பதைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

விளக்கெண்ணெயில் தொடங்கலாம், ஏனென்றால் நம் வீடுகளில் வயிற்றுக்கென்று முதலில் எடுப்பது அதுதான். ஆறு மாதத்துக்கு ஒரு பேதி என்பது பல குடும்பங்களில் எழுதாத சட்டம். ஆமணக்கு எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு ரிசினோலிக் அமிலம். சிறுகுடலில் எண்ணெய் உடையும்போது இது வெளிப்படுகிறது. 2012-ல் ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் இது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தார்கள். குடல் தசையில் இருக்கும் இபி3 என்ற புரோஸ்டாகிளாண்டின் ஏற்பியைப் பிடித்து, குடலைச் சுருங்கிச் சுருங்கி விரியச் செய்கிறது. கருப்பையிலும் அதே ஏற்பிதான், பிரசவ வலி வரவழைக்க விளக்கெண்ணெய் கொடுத்த பழைய பழக்கத்துக்கும் காரணம் அதுவே. மலச்சிக்கல்காரருக்கு ஒருநாள் இது உதவலாம். புண்ணாகி ரத்தம் கசிகிற குடலை இப்படிப் பிழிவது மருத்துவமா? ஏற்கெனவே பத்துத் தடவை போகிறவருக்கு இன்னும் பத்துத் தடவை. நீரும் உப்பும் வெளியேறி மயங்கி விழுந்தால் "கெட்டதெல்லாம் வெளிய போகுது" என்று ஆறுதல் வேறு! குடல் அழற்சி நோய் இருப்பவர்களுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கக் கூடாது. இதில் இரண்டாவது கருத்துக்கே இடம் இல்லை.

அடுத்தது நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும். "எண்ணெய் புண்ணின் மேல் பூசிக்கொள்ளும், வழவழப்பு கொடுக்கும், அதனால் ஆறும்" என்பது வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குடித்த எண்ணெய் பெருங்குடலுக்குப் போவதே இல்லையே! நல்ல குடலில் கொழுப்பில் 95 சதவீதத்துக்கு மேல் சிறுகுடலிலேயே உடைந்து உறிஞ்சப்பட்டுவிடும். கொலைட்டிஸ் புண் இருப்பதோ பெருங்குடலில், அதுவும் கடைசி முனையிலிருந்து. விழுப்புரத்தில் இறங்கிவிடுகிற பயணி திருச்சியில் என்ன வேலை செய்வார்? குரோன்ஸ் நோயில் சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டிருந்தால் கதையே வேறு. பித்த உப்பு திரும்ப உறிஞ்சப்படாது, கொழுப்பு சரியாகச் செரிக்காது, எண்ணெய் அதிகமாக அதிகமாகக் கழிச்சல்தான் அதிகமாகும்.

மருந்துக்காரர்கள் இந்த இடத்தை எப்படித் தாண்டினார்கள் என்பது சுவாரசியமான கதை. ஸ்வீடன் டாக்டர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவலிக்காக உருவாக்கிய சல்பாசலசின் கொலைட்டிஸுக்கும் கேட்கிறது என்று 1942-ல் எழுதினார். ஏன் கேட்கிறது என்பது 1977-ல்தான் விளங்கியது. வங்கதேசத்து ஆசாத் கானும் ஆக்ஸ்போர்டு சகாக்களும் அந்த மருந்தையும் அதன் இரண்டு துண்டுகளையும் தனித்தனியே எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை பெரும்பாலும் உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை போகிறது, அங்கே இருக்கும் பாக்டீரியா அதை இரண்டாக வெட்டுகிறது, அதில் ஒரு துண்டு, இன்று மெசலமைன் என்று விற்கிறதே அது, புண்ணின்மேல் நேராக வேலை செய்கிறது. போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான் இந்த மருந்தின் சூட்சுமம். செக்கிலிருந்து வந்த எண்ணெய்க்கு அந்த ஏற்பாடு கிடையாது.

சரி, உறிஞ்சப்பட்ட பிறகு ரத்தத்தில் போய் வேலை செய்யாதா? செய்யலாம். நியாயமான கேள்வி இதுதான், ஆராய்ச்சியும் இங்கேதான் நடந்திருக்கிறது. நாம் தின்னும் கொழுப்பு அமிலங்கள் செல் சுவர்களில் போய் உட்காருகின்றன, அங்கிருந்து அழற்சியைத் தூண்டும் பொருளாகவோ அடக்கும் பொருளாகவோ மாறுகின்றன. எள், சூரியகாந்தி எண்ணெய்களில் லினோலிக் அமிலம் நிறைய. உடம்பு அதை அராக்கிடோனிக் அமிலமாக மாற்றி அழற்சிச் சரக்குகளைச் செய்யலாம். ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கு மேல் ஆல்பா லினோலெனிக் அமிலம், அது எதிர்ப்பக்கம். ஆனால் மீன் எண்ணெயில் இருக்கும் பொருளாக அது மாறும் அளவு மனித உடம்பில் சொற்பம்.

2009-ல் ஐரோப்பாவிலிருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் சாப்பாட்டைக் குறித்து வைத்துக்கொண்டு வருடக் கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 126 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வந்தது. லினோலிக் அமிலம் மிக அதிகம் சாப்பிட்ட கால்பங்கினருக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு. இதை வைத்து "ரீபைண்டு ஆயில்தான் விஷம்" என்று ஒரு கும்பல் கிளம்பியிருக்கிறது. அமெரிக்காவில் 'விதை எண்ணெயே விஷம்' என்று ஓடுகிற ஃபேஷனின் உள்ளூர்ப் பதிப்பு இது. அவர்கள் கவனிக்காத சின்ன விஷயம் ஒன்று உண்டு. செக்கில் ஆட்டினாலும் மில்லில் ஆட்டினாலும் எள்ளின் லினோலிக் அமிலம் லினோலிக் அமிலம்தான், ஏறக்குறைய நாற்பது சதவீதம். அந்த ஆய்வைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அது மரச்செக்கு நல்லெண்ணெய்க்கு எதிராகவும் சாட்சி சொல்லும்! உண்மையில் அது ஒரு தொடர்பைக் காட்டியது, அவ்வளவே. யாரையும் தூக்கில் போட அது போதாது.

'நிரூபணம்' என்று சுற்றுகிற எண்ணெய் ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை எலிகளில் செய்தவை. எப்படிச் செய்கிறார்கள்? குடிநீரில் டெக்ஸ்ட்ரான் சல்பேட் சோடியம் என்ற ரசாயனத்தைச் சில நாட்கள் கலந்து கொடுப்பார்கள், சுண்டெலியின் பெருங்குடல் புண்ணாகும். அல்லது டிஎன்பிஎஸ் என்ற ரசாயனத்தைச் சாராயத்தில் கரைத்துப் பின்பக்கமாக ஏற்றுவார்கள். இந்தப் புண்ணுக்கு மாதுளை விதை எண்ணெய், கருஞ்சீரக எண்ணெய், எள்ளின் செசமால் எல்லாம் நல்லது செய்ததாகத் தாள்கள் உண்டு. பொய் இல்லை. ஆனால் குடிநீரில் ரசாயனத்தை நிறுத்தினால் அந்தச் சுண்டெலி பெரும்பாலும் தானாகவே தேறிவிடும். பல சோதனைகளில் புண் வருவதற்கு முன்பே எண்ணெய் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நோய் வரப்போகிற தேதி எலிக்கு மட்டும்தான் முன்கூட்டியே தெரியும் போலிருக்கிறது :) அளவையும் பாருங்கள். எலிக்குக் கிலோவுக்கு 5 மில்லி என்று கொடுத்திருந்தால், வழக்கமான மாற்றுக் கணக்குப்படி குறைத்துப் பார்த்தாலும் 60 கிலோ ஆளுக்குத் தினம் 50 மில்லி அளவுக்கு வரும். கடைக்காரர் சொல்வதோ ஒரு ஸ்பூன்.

மனிதர்களில் செய்தது ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1993-ல் இங்கிலாந்தில் 43 கொலைட்டிஸ் நோயாளிகளுக்கு ஈவ்னிங் பிரிம்ரோஸ் விதை எண்ணெய், மீன் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் என்று பிரித்துக் கொடுத்தார்கள். பிரிம்ரோஸ் சாப்பிட்டவர்களுக்கு மலம் கொஞ்சம் இறுகியது. ரத்தப்போக்கு, நோய் திரும்புவது, உள்ளே கருவி விட்டுப் பார்த்தது எதிலும் வித்தியாசம் இல்லை. 2019-ல் ஈரானிலிருந்து வந்த ஆளிவிதைச் சோதனை இதைவிட நம்பிக்கை தருவது. ஒரு குழுவுக்குத் தினம் 30 கிராம் பொடித்த ஆளிவிதை, ஒரு குழுவுக்கு 10 கிராம் ஆளிவிதை எண்ணெய், ஒரு குழுவுக்கு இரண்டும் இல்லை. 12 வாரத்தில் அழற்சிக் குறியீடுகளும் நோயின் தீவிரமும் ஆளிவிதைக்காரர்களுக்குக் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் யாருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது, ஒரு குழுவுக்கு 25 பேர் அளவில்தான், 12 வாரம்தான்.

சின்னச் சோதனையை நம்பி ஏமாந்த கதை இந்த நோயிலேயே இருக்கிறது. 1996-ல் இத்தாலியில் 78 குரோன்ஸ் நோயாளிகள். மீன் எண்ணெய் சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேர் ஒரு வருடம் நோய் திரும்பாமல் இருந்தார்கள், டம்மி சாப்பிட்டவர்களில் 26 சதவீதம்தான். உலகமே துள்ளிக் குதித்தது. 2008-ல் நூற்றுக்கணக்கானவர்களை வைத்து இரண்டு பெரிய சோதனைகளின் முடிவு வந்தது. ஒன்றில் நோய் திரும்பியது 31.6 சதவீதமும் 35.7 சதவீதமும். மற்றதில் 47.8-ம் 48.8-ம். அதாவது வித்தியாசம் என்று சொல்ல எதுவும் இல்லை. பன்னிரண்டு வருடம் எத்தனை பேர் மீன் எண்ணெய்க்குக் காசு கொட்டியிருப்பார்கள்!

விதைக்கு மொத்தமாக மதிப்பே இல்லை என்பதல்ல வாதம். 1999-ல் ஸ்பெயினில் அடங்கியிருக்கும் கொலைட்டிஸ் உள்ள 105 பேருக்கு ஒரு வருடம் இசப்கோல் விதை கொடுத்துப் பார்த்தபோது, நோய் திரும்பாமல் காப்பதில் அது மெசலமைனுக்கு ஏறக்குறைய ஈடாக நின்றது. தோற்றவர்கள் விதையில் 40 சதவீதம், மாத்திரையில் 35. ஆனால் அங்கே வேலை செய்தது எண்ணெய் இல்லை, நார். பெருங்குடல் வரை போய்ச் சேர்ந்து, அங்கே பாக்டீரியாவால் புளித்து, குடல் தோலுக்கு உணவாகிற நார். எண்ணெய் ஆட்டும்போது அதைத்தான் புண்ணாக்கோடு மாட்டுக்குப் போட்டுவிடுகிறோம்.

'பாரம்பரியம்' என்ற வார்த்தையையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். மல்லாட்டை தென் அமெரிக்கப் பயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் அது பரவியதற்குப் பாண்டிச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய்க்குப் போன ஏற்றுமதி ஒரு பெரிய காரணம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. ரகங்கள் இந்தியா முழுக்கத் தெரியும் (டி.எம்.வி. என்றாலே திண்டிவனம்தான்). 1940-ல் வந்த டி.எம்.வி. 2 குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து பொறுக்கியது. 1967-ல் வந்த டி.எம்.வி. 7-க்குத் தாய் டென்னஸி ஒயிட் என்ற அமெரிக்கச் சரக்கு. பெருமைப்பட வேண்டிய வேலை, சந்தேகமே இல்லை. 'ஆயிரமாயிரம் வருடத்து முன்னோர் ரகசியம்' என்று பாட்டிலில் ஒட்டும்போதுதான் சிரிப்பு வருகிறது.

இயற்கையானது என்பதால் கெடுதல் செய்யாது என்பதும் அதே வகை. வேப்பெண்ணெயும் விதை எண்ணெய்தானே? மலேசியாவில் சின்ன உபாதைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டிய குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்பு என்று ஆஸ்பத்திரிக்கு வந்ததை 1981-ல் லான்செட் இதழ் பதிவு செய்தது. பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் 1998-ல் டெல்லியில் அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். பூஞ்சணம் பிடித்த மல்லாட்டையில் அஃப்ளாடாக்சின் இருக்கும். பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கினாலும் வடிகட்டாத எண்ணெயில் கொஞ்சம் வரும், அதைப் போக்குவது சுத்திகரிப்பில் சேர்க்கிற காரம். நல்ல காய்ந்த கடலையாகப் பொறுக்கி ஆட்டுகிற செக்குக்காரருக்கு இது தெரியும். பொறுக்காமல் ஆட்டுகிறவர் சொல்ல மாட்டார்.

உண்மையான ஆபத்து ஸ்பூன் எண்ணெயில் இல்லை. சாப்பாட்டில் நல்லெண்ணெய் ஊற்றுவதை யாரும் தடுக்கவில்லை. எண்ணெயை நம்பி மாத்திரையை நிறுத்துவதில்தான் ஆபத்து. மாதக் கணக்கில் பிரெட்னிசலோன் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால், தூங்கிப்போன அட்ரினல் சுரப்பி உடனே விழிக்காது. ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கொலைட்டிஸ் அடங்காமல் வருடக் கணக்கில் எரிந்தால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும், அதனால்தான் எட்டு வருடம் ஆனவர்களுக்குக் குறித்த இடைவெளியில் கொலனோஸ்கோப்பி செய்கிறார்கள். நம் நாட்டில் இன்னொரு சிக்கல், குடல் காசநோயும் குரோன்ஸும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். காசநோய்க்கு ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் அது பரவும், குரோன்ஸுக்குக் காசநோய் மருந்து கொடுத்தால் மாதங்கள் வீணாகும். பெரிய டாக்டர்களே திசுவை எடுத்து, பலமுறை யோசித்து முடிவு செய்கிற இடத்தில், எண்ணெய்க் கடைக்காரர் நாடி பிடிக்காமலே 'குடல்புண்' என்று முடிவு கட்டுகிறார்.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? மருந்து பற்றிப் பொய்யாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே சட்டம் போட்டாயிற்று. உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று சொல்லக் கூடாது என்று 2018-ன் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை தெளிவாகச் சொல்கிறது. உணவு என்று உரிமம் வாங்கி மருந்து என்று விற்பவரைப் பிடிக்க இது போதும். பிடிக்கத்தான் ஆள் வேண்டும்.

எண்ணெய்க்காரர்களைத் திட்டிவிட்டு மருத்துவ உலகத்தைச் சும்மா விடுவதும் சரியில்லை. "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று கையை உதறிவிட்டுப் போகிற டாக்டர்தான் நோயாளியைக் கடைக்காரரிடம் அனுப்பி வைக்கிறார். சோதித்துப் பார்த்தால் என்ன? டெல்லி எய்ம்ஸில் மஞ்சளின் குர்குமினை 62 பேரிடம் சோதித்து, அந்தக் குறைந்த அளவில் பயனில்லை என்று 2017-ல் வெளிப்படையாகச் சொன்னார்கள். அதே இடத்தில் மலமாற்று சிகிச்சையையும் அழற்சி எதிர்ப்பு உணவையும் சேர்த்துக் கொடுத்த 66 பேர் சோதனை 2022-ல் நல்ல பலன் சொன்னது. சாப்பாட்டையும் மஞ்சளையும் சோதிக்க முடியும் என்றால் எண்ணெயைச் சோதிக்க முடியாதா?

இந்தப் பக்கத்தில் அதற்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. எந்த ரகத்தில் எந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு என்று அளக்கத் தெரிந்த நிலையம் திண்டிவனத்தில். 2010 முதல் முண்டியம்பாக்கத்தில் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி. புதுச்சேரியில் குடல்நோய்க்குத் தனித் துறையோடு ஜிப்மர். மாத்திரையை நிறுத்தாமல் அதோடு சேர்த்து, ஒரு பாதிப் பேருக்கு இந்த எண்ணெய், மறுபாதிக்கு வேறு எண்ணெய், யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாமல், மலத்தில் கால்ப்ரொடெக்டின் அளந்து, உள்ளே கருவி விட்டுப் பார்த்து, ஒரு வருடம். ஆரம்பிக்கும் முன்பே இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் எழுதிவிட்டால் பிறகு தோல்வியை மறைக்க முடியாது. பயன் என்று வந்தால் மல்லாட்டை விவசாயிக்கும் லாபம். பயன் இல்லை என்று வந்தால் அதையும் கடை வாசலில் எழுதி வைக்கட்டும்.

அதுவரைக்கும் செக்குக் கடைக்காரர்கள் பாட்டிலில் ஒரே ஒரு வரி சேர்த்து அச்சடிக்கலாம்: ரத்தம் கலந்த கழிச்சல் நான்கு வாரம் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும். முண்டியம்பாக்கம் விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திண்டிவனத்துக்காரர்கள் பாண்டி பஸ் ஏறினால் ஊருக்குள் போகும் முன்பே, கோரிமேட்டில் ஜிப்மர் வாசலில் இறங்கிக்கொள்ளலாம்.